துபாஷி மாற்றிய ஒரு சொல்

"நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அம்மா. ஆனாலும் என் வாயால் ஒரு பெண் சாகப் போகிறாள். இது எப்படி?"

ஏகாம்பரம் நின்றபடியே கேட்டார். கணவாய் ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது. அவருக்கு வயது அறுபத்திரண்டு.

சாவடி அம்மா மிளகாய் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. பாளையத்துக்கும் மலைநாட்டுக்கும் நடுவில், கைவிடப்பட்ட பழைய சுங்கச் சாவடியில் தனியாகக் குடியிருந்தாள். வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள். கேட்டால் பேசுவாள். கேட்காவிட்டால் மிளகாய்ச் செடிகளோடு இருப்பாள்.

ஆறு வருஷமாக ஏகாம்பரம் மாதம் ஒருமுறை ஏறி வந்து அவள் முன்னால் உட்காருகிறார். நரைத்த தாடிக்காரர் மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்கிறார் என்று ஊர் சிரித்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

எல்லோரும் மகாராஜா என்று அழைக்கும் பாளையக்காரருக்கு அவர்தான் துபாஷி. மலைக்காரர்கள் சபையில் பேசுவதை அவர்தான் தமிழில் சொல்ல வேண்டும். சபை கேட்பதை அவர்தான் மலைமொழியில் கேட்க வேண்டும். முப்பது வருஷத்தில் அவர் பேச்சில் தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை.

"உட்கார்ந்து சொல்லுங்கள், ஐயா," என்றாள் சாவடி அம்மா.

உட்கார்ந்தார்.

"மலையில் கெம்பி என்று ஒரு பெண். ஆடு வளர்க்கிறவள். போன மாதம் யாரோ அவள் பட்டிக்குள் புகுந்து நான்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்ச் சரிவில் நின்று அவள் பார்த்திருக்கிறாள். கறுப்புக் கம்பளி போர்த்திய ஆள். அவள் ஓடி வருவதற்குள் இறங்கிப் போய்விட்டார். முகம் தெரியவில்லை."

"யார் அது?"

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார்.

"மகாராஜாவின் தம்பி. சின்னவர் என்று சொல்வோம். வேட்டைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் ஓட்டி வந்துவிட்டார். அரண்மனையில் விருந்து நடந்தது. நானும் சாப்பிட்டேன்."

"பிறகு?"

"பத்து நாள் கழித்துச் சின்னவர் மறுபடி வேட்டைக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டது. கூடப் போனவர்கள் பிரிந்துவிட்டார்கள். ஒதுங்க இடம் தேடி அதே பட்டிக்குள் குனிந்து நுழைந்தார். அதே கறுப்புக் கம்பளி. கெம்பி கவணில் கல்லை வைத்துச் சுழற்றினாள். சின்னவருக்கு இடது கண் போய்விட்டது."

"சபையில் என்ன நடந்தது?"

"ஆளும் குடும்பத்தார் மேல் தெரிந்தே கை வைத்தால் தூக்கு. தெரியாமல் நடந்தால் தண்டனை இல்லை. எங்கள் பாளையத்துச் சட்டம் அப்படி. அதனால் மகாராஜா அவளிடம், 'அடிப்பேன் என்று முன்பே யாரிடமாவது சொன்னாயா?' என்று கேட்டார். நான் மலைமொழியில் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. 'ஆட்டுக் கள்ளன் மறுபடி வந்தால் கவணால் அடிப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்' என்றாள்."

"அதை நீங்கள் தமிழில் எப்படிச் சொன்னீர்கள்?"

ஏகாம்பரம் தாடியைத் தடவினார்.

"சின்னவர் மறுபடி வந்தால் கவணால் அடிப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாளாம், என்றேன்."

மிளகாய் பறித்த கை நின்றது.

"சின்னவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், அம்மா. கண்ணில் கட்டு. சுற்றிலும் பெரிய மனிதர்கள். அவரைப் போய்க் கள்ளன் என்று எப்படிச் சொல்வது? மரியாதைக்காக ஒரு சொல்லை மாற்றினேன். ஆளை மாற்றவில்லை. ஆட்டுக் கள்ளன் என்றாலும் சின்னவர் என்றாலும் ஒரே ஆளைத்தானே காட்டுகிறது?"

"ஆமாம்."

"அப்படியானால் நான் சொன்னது உண்மைதானே?"

அவள் கூடையைத் தள்ளி வைத்தாள்.

"தெரிந்தே செய்தாள் என்று தீர்ப்பாகிவிட்டது. இன்னும் ஆறு நாளில் தூக்கு. வெளியே வரும்போது எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கள்ளன் என்ற சொல்லை நாசூக்காகத் தாண்டிவிட்டேன் என்று. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை."

அவரால் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. எழுந்து முற்றத்தில் நடந்தார். வாசல் படல் வரைக்கும் போனவர் சட்டென்று திரும்பினார். கால் ஒரு கல்லில் இடித்தது. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

"எந்த மடையன் இந்தக் கல்லை வழியில் போட்டது!"

அந்த நேரம் கழுதைக்காரர் இருளாண்டி படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். உப்பு மூட்டை ஏற்றிய கழுதைகள் வெளியே நின்றன. தண்ணீர் குடிக்க வந்தவர்.

சாவடி அம்மா சொம்பை நீட்டினாள்.

"சேதி தெரியுமா, இருளாண்டி? துபாஷி ஐயா தன்னை மடையன் என்று சொல்லிக்கொண்டார்."

"அப்படியா சாமி?" இருளாண்டி ஏகாம்பரத்தைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். "பெரிய மனசு. எங்க ஊர்ப் பெரிய மனுஷனுங்களுக்கு இந்த ஞானம் வரமாட்டேங்குதே. போய்ச் சொல்றேன்."

தண்ணீரைக் குடித்துவிட்டுக் கழுதைகளை அதட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏகாம்பரத்தின் முகம் சிவந்தது.

"அம்மா! நான் எப்போது அப்படிச் சொன்னேன்?"

"இப்போதுதான். இந்தக் கல்லைப் போட்டவன் மடையன் என்றீர்கள்."

"ஆமாம். அதற்கு?"

"போட்டது நீங்கள். போன மாதம் காற்றில் படல் அடித்துக்கொள்கிறது என்று நீங்கள்தான் உருட்டி வந்து முட்டுக் கொடுத்தீர்கள்."

அவர் கல்லைப் பார்த்தார். ஞாபகம் வந்தது.

"மறந்துவிட்டேன். நான் என்னைச் சொல்லவில்லை. வேறு யாரோ என்று நினைத்துத்தான் சொன்னேன்."

"நான் ஆளை மாற்றவில்லையே, ஐயா. கல்லைப் போட்டவன் என்றாலும் ஏகாம்பரம் என்றாலும் ஒரே ஆளைத்தானே காட்டுகிறது?"

"ஆள் ஒன்றுதான். ஆனால் நான் நினைத்தது..."

கல்லின் மேலேயே உட்கார்ந்தார். விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"அந்தக் கழுதைக்காரர் இதை ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்."

"சொல்வார்."

"ஓடிப் போய் மறுத்துவிட்டு வரட்டுமா?"

"போங்கள். உங்களுக்குப் போகக் கால் இருக்கிறது. கெம்பியின் காலில் விலங்கு இருக்கிறது."

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் முப்பது வருஷத்துத் துபாஷி. அத்தனை சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி அம்மா. என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அவள் மனத்துக்குள் புகுந்து பார்த்தவர் யார்? அது சின்னவர்தான் என்று அவளுக்குத் தெரிந்தே இருக்கலாம். அப்படி இருந்தால் நான் சொன்னதில் குற்றம் இல்லையே?"

"கேட்டீர்களா?"

"எதை?"

"யாரை அடித்தாள் என்று."

"சபையில் கேட்டோமே. மகாராஜாதான் கேட்டார். 'என் தம்பியை அடித்தது நீயா' என்று."

"நீங்கள் மலைமொழியில் என்ன கேட்டீர்கள்?"

"அன்றைக்குப் பட்டிக்குள் வந்தவனை அடித்தது நீயா என்று கேட்டேன். அவளுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று."

"அங்கேயும் ஆள் மாறவில்லை," என்றாள் சாவடி அம்மா.

மறுபடி மிளகாய் பறிக்கத் தொடங்கினாள்.

ஏகாம்பரம் தடியை எடுத்துக்கொண்டு நொண்டியபடி கீழே இறங்கினார்.

*

கெம்பியை அரண்மனைக்குப் பின்னால் ஒரு பழைய நெற்களஞ்சியத்தில் அடைத்திருந்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். காலில் இரும்பு.

மலைமொழியில் குரல் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"வாங்க பெரியவரே. என் ஆடெல்லாம் யாரு பார்க்கறாங்கன்னு கேட்டுச் சொல்ல முடியுமா?"

"விசாரிக்கிறேன், கெம்பி. நான் ஒன்று கேட்க வந்தேன். நீ அடித்தது யாரை?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே. ஆட்டுக் கள்ளனை."

"அவன் யார்?"

"தெரிஞ்சா நான் ஏன் கள்ளன்னு சொல்றேன்? பேரைச் சொல்லித் திட்டியிருப்பேனே." பெருமூச்சு விட்டாள். "அரண்மனையில வேலை பார்க்கறவன் யாரோ போல. இல்லாட்டி ஒரு கள்ளனுக்காக மகாராஜாவுக்கு இவ்வளவு கோபம் வருமா? கல்லு பட்டதும் அலறிக்கிட்டு மழையில ஓடிட்டான். எங்கே பட்டுச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. செத்துட்டானா?"

"இல்லை. உயிரோடுதான் இருக்கிறார்."

"கள்ளனுக்கு என்ன 'இருக்கிறார்'?" என்றாள்.

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு மகாராஜா பக்கத்துல கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே, அவரு யாரு?"

"சின்னவர்."

கெம்பியின் முகம் மலர்ந்தது.

"அவரா! கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்லை. கண்ணுக்கு என்ன?"

"அடி பட்டிருக்கிறது."

"பாவம்," என்றாள் கெம்பி. மனதாரச் சொன்னாள்.

அவர் தமிழில் சொன்னதெல்லாம் சபைக்குத் தெரியும். அவர் மலைமொழியில் சொன்னது மட்டும்தான் இவளுக்குத் தெரியும். யாரை அடித்ததற்காகத் தன்னைத் தூக்கில் போடப் போகிறார்கள் என்றுகூட இவளுக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

'கள்ளனும் சின்னவரும் ஒருவர்தான்' என்ற வாக்கியம் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சொல்லவில்லை. இப்போது சொன்னால், சபையில் அவள் பேசுவது அவளுடைய பேச்சாக இருக்காது.

"உன்னை மறுபடி சபைக்குக் கூப்பிடுவார்கள்," என்றார். "இன்று என்னிடம் பேசியது போலவே பேசு. எதையும் யோசித்துச் சொல்லாதே."

"யோசிச்சுப் பேச எனக்கு என்ன இருக்கு?" என்றாள் கெம்பி.

*

ஏகாம்பரம் மறுபடியும் கணவாய் ஏறினார்.

"அம்மா, அவளுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது. அவள் கணக்கில் கள்ளன் வேறு, சின்னவர் வேறு. ஒருவன் மேல் வெறுப்பு. இன்னொருவர் மேல் இரக்கம். இரண்டையும் ஒரே ஆள் மேல் வைத்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது."

"நல்லது. சபைக்குப் போகாமல் ஏன் இங்கே வந்தீர்கள்?"

"பயமாக இருக்கிறது."

"என்ன பயம்?"

"கள்ளன் என்ற சொல்லைச் சின்னவர் முன்னால் சொல்ல வேண்டுமே. தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. முப்பது வருஷம் மரியாதையாகப் பேசிப் பேர் வாங்கியவன் நான். வேலை போகும். மகாராஜாவின் கோபத்துக்கு நாக்கே போனாலும் போகும். கொஞ்சம் மென்மையாக வேறு சொல் ஏதாவது இருக்கிறதா என்று வழியெல்லாம் தேடிக்கொண்டு வந்தேன்."

சாவடி அம்மா அவர் காலைப் பார்த்தாள். நடந்து நடந்து விரல் வீங்கியிருந்தது. துணிக்கட்டு அவிழ்ந்து, காயத்தில் மண் ஒட்டியிருந்தது.

"எரிகிறதா?"

"எரிகிறது. கழுவக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்."

உள்ளே போனாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு செம்பில் கொண்டுவந்து அவளே காலில் ஊற்றினாள்.

தண்ணீர் பிசுபிசுத்தது. ஏகாம்பரம் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன அம்மா இது?"

"வெல்லம் கரைத்த தண்ணீர்."

"புண்ணைக் கழுவவா?"

"பாளையத்துத் துபாஷி கேட்கிறார். வெறும் தண்ணீரைக் கொடுத்தால் மரியாதையாக இருக்குமா?"

ஏகாம்பரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எறும்பு வந்தது. அதன் பின்னால் இன்னும் நான்கு வந்தன.

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

பானையிலிருந்து தானே வெறும் தண்ணீரை மொண்டு காலைக் கழுவிக்கொண்டார். துணியைப் பிழிந்து கட்டிக்கொண்டார். எழுந்தார்.

"வருகிறேன், அம்மா."

"கல்லைப் பார்த்துப் போங்கள்," என்றாள்.

*

மறுநாள் காலை சபை கூடியது. ஏகாம்பரம் முன்னால் போய் நின்றார்.

"மகாராஜா, கெம்பி வழக்கில் நான் சொன்ன ஒரு சொல் அவளுடையது இல்லை. என்னுடையது. அவளை மறுபடி விசாரிக்க வேண்டும்."

பாளையக்காரரின் புருவம் சுருங்கியது.

"முப்பது வருஷத்தில் நீர் இப்படிச் சொன்னதில்லையே."

"முப்பது வருஷத்தில் இப்படி எத்தனை சொல்லைக் கலந்தேனோ, எனக்கே தெரியவில்லை."

"எந்தச் சொல்?"

"அவளே சொல்லட்டும். நான் முந்திக்கொண்டால் மறுபடியும் அது என் சொல்லாகிவிடும்."

பாளையக்காரர் தம்பியைப் பார்த்தார். சின்னவர் தலையசைத்தார். இருபத்தைந்து வயது. முகத்தில் பாதியைக் கட்டு மறைத்திருந்தது.

கெம்பியை அழைத்து வந்தார்கள். நடக்கும்போது விலங்கு சத்தமிட்டது.

"என் தம்பியை அடித்தது நீயா?" என்று பாளையக்காரர் கேட்டார்.

இந்த முறை ஏகாம்பரம் எதையும் சுலபமாக்கவில்லை. "மகாராஜாவின் தம்பி சின்னவரை அடித்தது நீயா?" என்று மலைமொழியில் கேட்டார்.

கெம்பி திடுக்கிட்டாள்.

"ஐயோ, இல்லை! அவரை நான் எதுக்கு அடிக்கணும்?"

"இல்லை என்கிறாள், மகாராஜா. அவரை நான் எதற்கு அடிக்க வேண்டும் என்று கேட்கிறாள்."

சபை கொதித்தது. "பொய்க்காரி! அன்றைக்கு ஒப்புக்கொண்டாளே!" என்று நான்கைந்து பேர் எழுந்தார்கள்.

"அன்றைக்கு நான் வேறு கேள்வி கேட்டேன்," என்றார் ஏகாம்பரம். "பட்டிக்குள் வந்தவனை அடித்தது நீயா என்று கேட்டேன். அதற்குத்தான் ஆமாம் என்றாள்."

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் பாளையக்காரர்.

"நமக்கு இல்லை. அவளுக்கு இருக்கிறது."

"சரி. யாரைத்தான் அடித்தாளாம்?"

ஏகாம்பரம் கேட்டார். கெம்பி சொன்னாள்.

அவர் நாக்கு ஒரு கணம் பின்வாங்கியது. பிறகு உரக்கச் சொன்னார்.

"ஆட்டுக் கள்ளனை."

சபை அடங்கிவிட்டது. அந்த ஆட்டு விருந்தில் சாப்பிடாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

பாளையக்காரர் ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"என் தம்பியை வைத்துக்கொண்டு, இந்தச் சபையில், இந்தச் சொல்லைச் சொல்கிறீர்."

"அவள் அன்றைக்கே சொன்ன சொல் இது, மகாராஜா. கள்ளன் மறுபடி வந்தால் அடிப்பேன் என்றுதான் சொன்னாள். நான் இதை எடுத்துவிட்டு, சின்னவர் என்று வைத்தேன். மரியாதைக்காகச் செய்தேன். அந்த மரியாதைதான் இப்போது அவள் கழுத்தில் கயிறாக இருக்கிறது."

"அவளுக்கு எல்லாம் தெரியும். நடிக்கிறாள்," என்றது ஒரு குரல்.

சின்னவர் கையை உயர்த்தினார். அதுவரைக்கும் அவர் பேசவில்லை.

"துபாஷி, சின்னவரைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேளும்."

ஏகாம்பரம் கேட்டார். கெம்பி யோசிக்கவில்லை.

"நல்லவரு. மலையில விஷக்காய்ச்சல் வந்த வருஷம் மருந்து மூட்டையோட வைத்தியரை அனுப்பினாரே. என் மக பிழைச்சா. அவரு கண்ணு சீக்கிரம் ஆறணும்."

ஏகாம்பரம் அதைத் தமிழில் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

சின்னவரின் கை கட்டின் மேல் போய் நின்றது.

"அந்தக் கள்ளனைப் பற்றி?"

"அவன் கையில கிடைச்சா இன்னொரு கல்லு வைப்பேன்," என்றாள் கெம்பி. "நாலுல ஒண்ணு சினையாடு. அதைக்கூட விடலை பாவி."

பாவி என்ற சொல்லையும் ஏகாம்பரம் விடவில்லை.

சின்னவர் மறுபடி கேட்டார்.

"அந்தச் சினையாட்டுக்கு ஒரு கொம்பு ஒடிந்திருந்ததா என்று கேளும்."

கெம்பி ஏகாம்பரத்தைப் பார்த்தாள். சின்னவரைப் பார்த்தாள்.

"ஆமாம். அவருக்கு எப்படித் தெரியும்?"

"தம்பி, போதும்," என்றார் பாளையக்காரர்.

"இல்லை அண்ணா. அந்த ஆடு வழியெல்லாம் நின்று நின்று வந்தது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை." சின்னவர் எழுந்து நின்றார். "கீழே காத்திருந்தவர்கள் காணிக்கை என்றார்கள். நானும் காணிக்கை என்றுதான் நம்பினேன். காணிக்கை என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். அன்றைக்குப் பட்டியில் யாருமே இல்லை."

துபாஷியின் பக்கம் திரும்பினார்.

"ஆட்டுக் கள்ளன் நான்தான் என்று சொல்லும். மரியாதை வேண்டாம். அப்படியே சொல்லும்."

ஏகாம்பரம் அப்படியே சொன்னார்.

கெம்பி நம்பவில்லை.

"என்னைக் காப்பாத்தறதுக்காகக் கள்ளன் பழியை இவரு தலையில போட்டுக்கறாரா? இவ்வளவு நல்லவரா இவரு?"

அதையும் ஏகாம்பரம் தமிழில் சொன்னார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சின்னவர் அவள் முன்னால் வந்து நின்றார். கட்டை அவிழ்த்தார்.

கெம்பி பார்த்தாள். கவண் கல் பட்ட காயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஓநாய்கள் மேல் பார்த்திருக்கிறாள்.

விலங்கோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்குத் தெரியாது," என்றார் பாளையக்காரர். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தினார். "தீர்ப்பை மாற்றுகிறேன். விலங்கை எடுங்கள்."

விலங்கு கழன்றது. வாசல் திறந்திருந்தது. கெம்பி போகவில்லை.

எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏகாம்பரத்திடம் சொன்னாள்.

"பெரியவரே, நான் ரெண்டு சேதி சொல்லணும்."

"யாருக்கு?"

"ஒண்ணு ஆட்டுக் கள்ளனுக்கு. ஒண்ணு சின்னவருக்கு."

ஏகாம்பரம் சபைக்குச் சொன்னார்.

பாளையக்காரர் பொறுமை இழந்தார். "இரண்டும் ஒரே ஆள் என்று இப்போது அவளுக்கே தெரியுமே. சேர்த்து ஒன்றாகச் சொல்லச் சொல்லும்."

"சேராது, மகாராஜா," என்றார் ஏகாம்பரம்.

அவர் குரலில் பயம் இல்லை.

"சொல்லட்டும்," என்றார் சின்னவர்.

கெம்பி நிமிர்ந்து நின்றாள்.

"ஆட்டுக் கள்ளனுக்குச் சொல்லுங்க. கேட்காம என் பட்டிக்குள்ள மறுபடி காலை வெச்சா, மறுபடியும் கல்லு வரும்."

ஏகாம்பரம் சொன்னார். காவலர்கள் கையில் ஈட்டிகள் அசைந்தன. சின்னவர் அசையவில்லை.

கெம்பி கொஞ்சம் நிறுத்தினாள். குரல் மாறியது.

"சின்னவருக்குச் சொல்லுங்க. என் கையால உங்க கண்ணு போச்சு. சாகற வரைக்கும் எனக்கு அது ஆறாது. மலைக்கு வந்தா என் வீட்டுல ஒரு வாய் பால் குடிக்காம போகக்கூடாது."

ஏகாம்பரமும் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அதையும் சொன்னார்.

சின்னவர் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தபடி நின்றார்.

"இரண்டு பேருக்கும் சேதி கிடைத்தது என்று அவளிடம் சொல்லும்," என்றார்.

துபாஷி அப்படியே சொன்னார்.